அந்தப் பக்கம் வெயில்

சத்துவாச்சாரி குடும்ப நீதிமன்றத்தில்
நான் தட்டச்சர்.
இழுப்பறையில் ஆங்கில இலக்கண கைடு,
நாலாம் தடவை எழுதப்போகும் அரியர்.

அயற்கூற்றை நேர்கூற்றாக மாற்றுக:
'அவன்' போய் 'நான்' வரும்.
அன்று இன்றாகும், அங்கே இங்கேயாகும்,
இறந்த காலம் எழுந்து உட்காரும்.
காற்புள்ளியை மறந்தால் அரை மதிப்பெண் போச்சு.
கைடில் இருப்பவர்கள் எல்லோரும்
கடிதம் எழுதுகிறார்கள், மாம்பழம் வாங்குகிறார்கள்.
ஒருவரும் அடி வாங்கியதாகத் தெரியவில்லை.

என் வேலை இதற்கு நேர் எதிர்.
அழுதுகொண்டு வந்ததையெல்லாம்
'என்றும்' 'எனவும்' 'கூறியதாகவும்' போட்டு
ஆறவைத்துத் தாளில் இறக்குவேன்.

தணிகைவேல், மனுதாரர்,
பள்ளிகொண்டா, சொந்தமாக மினி லாரி.
மனைவியுடன் சேர்ந்து வாழத் தாம் தயாராக இருப்பதாகவும்
அவர்தான் வர மறுப்பதாகவும்.
பத்தி மூன்று. நான் அடித்ததுதான்.

"அந்த மூணாவது பத்திய
அவரு வாயால ஒரு தரம் சொல்லச் சொல்லுங்கம்மா"
என்றாள் சத்தியவாணி.
பதினேழு மாதமாக
நாத்தனார் வந்து சொன்னாளாம்,
வக்கீல் சொன்னாராம்,
இன்று காலை பஸ்ஸில் கண்டக்டர்கூட,
பின்னால ஒருத்தர் உனக்கும் சேர்த்து
டிக்கெட் எடுத்துட்டாராம் என்றாராம்.
சில்லறையை ஆள் ஆளாகக் கைமாற்றி
அவனுக்கே அனுப்பிவிட்டாளாம்.
எத்தனை 'ஆம்'.

நீதிபதி பேனாவை மூடினார்.
"சொல்லுங்க."

தணிகைவேல் தொண்டையைச் செருமினான்,
சட்டைப் பொத்தானைத் தொட்டான்,
நீதிபதியைப் பார்த்தே சொன்னான்:
"வரச் சொல்லுங்கம்மா."

என் விரல்கள் விசைப்பலகைமேல் நின்றன.
இதை எந்தக் கூற்றில் அடிப்பது?
வாய்தா, அடுத்த மாதம் பதினொன்று.

நாலரை மணி. பஸ் நிறுத்தத்தில்
நிழல் ஓர் ஆள் அகலம். வேலூர்ச் சித்திரை.
அவன் கம்பத்தடியில்,
அவள் நாலு கஜம் தள்ளி, முந்தானை தலைமேல்.
ஒரு தண்ணி லாரி சிந்திக்கொண்டே போயிற்று.

"அந்தப் பக்கம் வெயிலு. இந்தாண்ட வா."

நெடுஞ்சாலையைப் பார்த்துத்தான் சொன்னான்.
சாலைக்கா, அவளுக்கா, தெரியவில்லை.
ஆனால் அதில் ஒரு 'வா' இருந்தது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
பையை மட்டும் இந்தத் தோளிலிருந்து
அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

அதற்குள் என் பஸ் வந்துவிட்டது.
சனிக்கிழமை பரீட்சை.