பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு மழை

வங்கிப் புத்தகத்தை இயந்திரத்துக்குள் விட்டேன்.
கடகடவென்று பக்கம் நிறைத்துத் துப்பியது.
பதினொரு மாதம், ஐந்தாம் தேதி தவறாமல்
பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு.

வாங்கியவன் பெயரை
எழுத்துக் கூட்டியும் விளங்கவில்லை.
வேலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான்
சுரீரென்றது:
அட, மழை.

கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்த்தபோது
கொளுத்தும் பகலில் தூங்குவதற்காகப்
போனில் இறக்கிய மழைச் சத்தம்.
ஏழு நாள் இலவசம் என்றது,
கூடவே கார்டு எண் கேட்டது.
இலவசத்துக்கு எதற்குக் கார்டு என்று
அரைத் தூக்கத்தில் யார் கேட்பார்?
இரண்டு பகல் கேட்டேன்.
மூன்றாம் நாள் நிஜ மழை வந்து
தகரக் கூரையை உலுக்கியது.
போனிலிருந்து அதை அழித்துவிட்டேன்.

படம்தான் போயிருக்கிறது.
பல் போகவில்லை.

செம்பனை லாரி சேற்றில் புதைந்து
நாள் கணக்கில் நிற்கும் பாகான் செராயில்
மழைக்குக் காசு கட்டிய ஒரே பொம்பளை நான்.

கோவில் சந்தாவுக்குச் சனிக்கிழமை
மோட்டாரில் வருவார் தங்கையா.
‘இந்த வாரம் இல்லண்ணே’ என்றால்
தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்.
இவன் வாசலுக்கு வரவேயில்லை.
இல்லை என்று யாரிடம் சொல்வது?

நிறுத்தும் பொத்தானைத் தேடினேன்.
கதவுக்குள் கதவு, அதற்குள் கதவு,
கடைசியில் மாட்டுக் காதில் உண்ணிபோல்
சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.
ஏன் பிரிகிறீர்கள் என்றது.
பாதி விலைக்குத் தரட்டுமா என்றது.
உறுதியாகத்தானா என்று மூன்று முறை.
என் கல்யாணத்துக்கே
ஒரு முறைதான் கேட்டார்கள்.

இப்போது இலவசம் என்று எதைத் தொட்டாலும்
தொட்ட கையோடு நிறுத்திவிடுகிறேன்.
அப்படியும் நம்பாமல்
மளிகைக் கடை நாள்காட்டியில்
ஆறாம் நாளைச் சிவப்பில் சுழித்து வைக்கிறேன்.

போன சனிக்கிழமை
தங்கையா கையில் ஒரு பாரம்.
‘கையெழுத்து மட்டும் போடும்மா,
மாசாமாசம் தானா வெட்டிக்கும்.
எனக்கும் அலைச்சல் மிச்சம்.’

மடித்து அவர் சட்டைப் பைக்குள்ளேயே வைத்தேன்.
உள்ளே போய்
ஐந்து வெள்ளியும் ஒரு கிளாஸ் தண்ணீரும்
எடுத்து வந்தேன்.

‘நீங்களே வந்து கேளுங்கண்ணே.
இல்லைன்னு சொல்ல
எனக்கு ஓர் ஆள் வேணும்.’