தண்ணீர் தள்ளினால்

குலசேகரத்தில் ஐந்தாம் நாள் மழை.
குளியலறைச் சுவரில் கேஸ் கீஸர்
டிக் டிக் டிக் என்கிறது,
பற்றவில்லை.

சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன், கனக்கிறது.
பேட்டரி இரண்டும் நேற்று வாங்கியவை.
ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டி
சோப்பு நுரை தடவி
குமிழி வருகிறதா என்று குனிந்தே நின்றேன்.

பால்வெட்டு இல்லாத நாளில்தான்
வென்சிலாஸ் மெக்கானிக்.
வந்தவர் தீயைப் பார்க்கவே இல்லை,
குழாயைத் திறந்தார்.
நூலாய் ஒழுகியது.
"தண்ணி தள்ளினாத்தான் இது பிடிக்கும்,
அப்பிடியாக்கும் செஞ்சு வச்சிருக்கான்."

வடிகட்டியை உருவித் தட்டினார்.
உள்ளங்கையில் ஒரு சிட்டிகைப் பாசி.

ஓடு முழுக்கத் தண்ணீர் இரைய
இது தண்ணீர் போதாமல் நின்றிருக்கிறது.

அவர் போன பிறகு
குளிக்கவில்லை.
மூன்று தரம் திறந்து மூடினேன்,
அந்த 'புஃப்' கேட்க.