ஊறட்டும்

மரச்சீனி அடிபிடித்துவிட்டது.
அடுக்களைச் சுவரில் சாய்ந்தவன்
அப்படியே தூங்கிப்போயிருக்கிறேன்.
ஜெபின்தான் தோளை உலுக்கினான்:
"அப்பா, பொகை."

மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
அருமனைக்கு மேலே முந்நூறு மரம்.
பிறகு பாலெடுத்து, ஆசிட் விட்டு,
நேற்று உறைந்ததை ஷீட் அடித்து,
அதற்கும் பிறகு இந்த வீடு.
விஜிலா குவைத் போய் ஒன்றரை வருஷம்.

அவள் போன முதல் வாரம்
சாளைமீனுக்கு சோப்புப் போட்டேன்.
இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்களாம்
அவள் தங்கியிருக்கும் ஃபிளாட்டில்
நான் பார்த்தேயிராத நாலு நர்ஸுகள்.

இப்போது தெரியும்.
சாளைக்குக் கல்லுப்பும்
மண்சட்டியின் சொரசொரப்பும் போதும்.
தோசைமாவுப் பாத்திரத்தில்
நாலு விரற்கடை வெறுமனே விடவேண்டும்;
விடாவிட்டால் விடியும்போது
தன் இடத்தை அதுவே எடுத்திருக்கும்,
மேடையெல்லாம்.
மிக்சி சட்டென்று நின்றால் அடிக்கக் கூடாது.
கவிழ்த்தால் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான்,
ஆறவிட்டு அமுக்கவேண்டும்.
(எனக்கும் அப்படி ஒன்று உண்டோ என்று
ஒருநாள் குளிக்கும்போது தேடினேன்.
முதுகில் கை எட்டாத இடமொன்று இருக்கிறது.
அங்கே இருக்கலாம்.)

இந்தச் சட்டி மட்டும் வழிக்கு வரவில்லை.
தேங்காய் நாரும் சாம்பலும் வைத்துத் தேய்த்தேன்.
கம்பிச்சுருள் போட்டேன்.
கத்தி முனையால் சுரண்டினேன்
(பால்வெட்டும் கத்தியில்லை,
அதை இதற்கெல்லாம் தொடமாட்டேன்).
விரல் வெடிப்பு நெடுக சாம்பல் ஏறி எரிந்தது.
கோபம் சட்டி மேலா, அடுப்பு மேலா,
தூங்கிய ஆள் மேலா,
தெரியாமலே தேய்த்தேன்.

அந்நேரம் பார்த்து போன்.
சட்டியைத்தான் காட்டினேன்,
முகத்தைக் காட்டவில்லை.

"எதுக்கு இப்பம் கெடந்து தேய்க்குதிய?
தண்ணிய ஊத்தி, ரெண்டு உப்பு போட்டு
வச்சிட்டுப் போங்க. காலைல அதுவா விடும்."
"காலைல மூணு மணிக்கு..."
"நாளைக்கு மரத்துக்கு லீவுல்லா?"

ஆமாம்.
இன்று வெட்டினால் நாளை விடுவோம்.
என் கைபட்ட ஒரு மரத்துக்கும்
அந்த ஒருநாளை நான் தவறவிட்டதில்லை.
மழைக்கு முன் நாலு ஷீட் கூட வேண்டும் என்று
முதலாளி கேட்டபோதும்
பட்டை மரத்துப்போகும் சார், பாலே நின்றுவிடும் என்று
நடுத்தோட்டத்தில் நின்று வாதாடியிருக்கிறேன்.

அந்த மறுநாளில்
இன்னொரு தோட்டத்தில் வெட்டுகிறேன்.
அங்கே இருநூற்றைம்பது.

"நீ?" என்று கேட்டேன்.
"நான் என்ன?" என்றாள்.
அவளுக்குப் பின்னால் மூவர் தூங்கினார்கள்.
சீருடையை இன்னும் மாற்றவில்லை.
டபுள் டூட்டியா என்று கேட்பதற்குள்
"கையைக் காட்டுங்க" என்றாள்.
சிக்னல் இல்லை என்றேன்.
சிரித்தாள், நர்ஸிடமா.

சட்டியில் தண்ணீர் ஊற்றினேன்.
ஜெபினுக்கு பன்னும் மட்டிப்பழமும்.
எனக்கும் அதே.
வெடிப்பில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு
அடுத்த தோட்டத்து ராபி அண்ணனைக் கூப்பிட்டு
நாளை வரவில்லை என்றேன்.
காய்ச்சலா என்றார்.
இல்லை என்று சொல்ல
கொஞ்சம் நேரம் பிடித்தது.

மூன்று மணிக்கு உடம்பு தானாக எழுந்துவிட்டது,
சொல்லிக்கொடுத்தபடி.
அடுக்களையில் விளக்குப் போடாமல்
தண்ணீருக்குள் விரலை விட்டுப் பார்த்தேன்.
ஓரமெல்லாம் இளகி
அப்பளம் போலப் பெயர்ந்து வந்தது.
நடுவில் இன்னும் பிடித்திருந்தது.

கறுத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு
வேறு தண்ணீர் ஊற்றி வைத்தேன்.
வெளியே வெட்டாத மரங்கள்
இருட்டோடு இருட்டாக நின்றன.
போய்ப் படுத்தேன்.