நிலைக்கால்

வங்கிக் கடனுக்கு ஓர் ஆய்வு,
வீடு பழசு என்பதால் முழு ஆய்வு,
கூரைக்குத் தனியாக,
வயரிங், குழாய் இரண்டுக்கும் சேர்த்து இன்னொன்று.
"நாலு பேரு வருவீங்களா சார்?" என்றார் பரிபூரணம்.
நாலு படிவம். ஆள் நான் ஒருவன்தான்.

செல்லூர், கண்மாய்க்கரையிலிருந்து மூன்றாவது தெரு.
பைக்கை நிறுத்தும்போதே புது டிஸ்டெம்பர் வாசம்.
இந்த வாசம் வந்தால்
சுவரைக் கூடுதலாகத் தட்ட வேண்டும்
என்பது பதினோரு வருஷப் பாடம்.

மொட்டை மாடியில் தட்டோடு எழும்பியிருந்தது.
சுத்தியல் பிடியால் தட்டினேன்,
ஒரு மூலை மட்டும் காலிப் பானைக் குரலில் பேசியது.
எழுதிக்கொண்டேன்.
கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று, ஆறு இலை.
பிடுங்கிப் போட்டுவிட்டு
அதையும் எழுதிக்கொண்டேன்.

மெயின் பாக்ஸில் பீங்கான் ஃபியூஸ்,
மூன்று இழை செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டிருந்தது.
"பக்கத்து வீட்டுத் தம்பி போட்டது சார்.
இப்பல்லாம் ஃபியூஸ் போறதே இல்ல."
போக வேண்டிய நேரத்தில் போகத்தான் ஃபியூஸ் என்றேன்.
சிரித்தார். காபி வேண்டாம் என்றேன்.
வந்துவிட்டது.

கேள்வி பதினேழு:
இதற்கு முன் வெள்ளச் சேதம் உண்டா?
ஏஜென்ட் ராஜாங்கம் சொல்லித் தந்த பதில்
அவர் வாயில் தயாராக இருந்தது.
"கிடையாதுங்க சார்."
ரெண்டு கோட் வெள்ளையில்
சுவர்களும் ஆமாம் போட்டன.

சமையலறை நிலைக்காலில் மட்டும் பெயின்ட் இல்லை.
கீழிருந்து பென்சில் கோடுகள்:
நிவேதன், யூகேஜி.
நிவேதன், ரெண்டாப்பு. மூணாப்பு.
ஒண்ணாப்பு இருக்க வேண்டிய இடத்தில்
கொஞ்சம் நடுங்கிய கோடு ஒன்று,
'ஐப்பசி 9, ராத்திரி.'

நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.
சிங்க்குக்கு அடியில் குழாய் சொட்டியது.
"பெயின்டரு இதையும் அடிக்கத்தான் வந்தான்.
நாந்தான் வேணாம்னுட்டேன்."

டேப்பை இழுத்தேன்.
கீழ் முனையை அவரே குனிந்து பிடித்துக்கொண்டார்.
மூன்றடி எட்டங்குலம்.
பிரீமியம் கூடும் என்றேன்.
இன்று மறைத்தால்
இழப்பீடு கேட்கும் அன்றைக்குக் கையில் ஒன்றும் நிற்காது என்றேன்.
"ராஜாங்கம் வைவாரு"
என்றார், நிலைக்காலைப் பார்த்து.

போட்டோ எடுத்தேன், பையன் பெயர் விழாமல்.
பரிந்துரை என்ற இடத்தில் எழுதினேன்:
பிளக் பாயின்ட் எல்லாவற்றையும்
ரெண்டாப்புக் கோட்டுக்கு மேலே ஏற்றவும்.
அடித்துவிட்டு
நாலரை அடி என்று திருத்தினேன்.