வலது பக்கம் மட்டும்

வாளையாறுக்குக் கொஞ்சம் முன்னால், சாவடியில்,
அறுபது டன் எடை மேடை.
ராத்திரி பத்திலிருந்து ஆறு வரை நான்.
வலது காதில் ராக். இடது காது லாரிக்கு.
ஹாரன் கேட்காமல் போனால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
ஒருமுறை பிடித்தார்கள், நூற்றைம்பது ரூபாய்,
ஒரு டிரம் சோலோவுக்காக.
நியாயமான விலைதான்.

இந்த வருடம் கேட்ட ஆல்பம் முப்பத்தொன்று.
தப்பாக அச்சான எடைச்சீட்டின் பின்பக்கம்
வரிசை போட்டு வைத்திருக்கிறேன்.
பாரத்தோடு ஒருமுறை, காலியாக ஒருமுறை
நிறுத்திக் கழித்தால் வருவது சரக்கு.
ஆல்பத்துக்கும் அதே கணக்கு:
அட்டைப்படம், பேட்டி, பாடகனின் தலைமுடி
எல்லாம் போக மிச்சம் எவ்வளவு?

முதலிடம் 'சால்ட் டிப்போ'.
எந்தக் குளிர்தேசமோ தெரியாது.
நான்காம் பாட்டில் பேஸ் கிட்டார்
யானைத்தடத்தில் வேகம் குறைக்கும் ரயில் போல
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகும்.
யாரும் சாகாமல் பாட்டு முடிந்ததும்
ஒரு டீ குடிப்பேன்.

இரண்டாவது, ஷில்லாங்கிலிருந்து மூன்று பெண்கள்.
அவர்கள் மழையைப் பற்றிப் பாடினால்
கம்ப்யூட்டர் திரையைத் துடைக்கிறேன்.

பத்தொன்பது வருடம் கழித்துத் திரும்பிய
கிழட்டு இசைக்குழு ஒன்று. தொப்பை தெரிகிற ஆல்பம்.
ஆறாமிடம். பாவம் பார்த்துதான்.

கடைசியில், முப்பத்தொன்றில்,
கஞ்சிக்கோட்டுப் பையன்கள், 'மூணாம் ஷிஃப்ட்'.
டிரம்ஸ் அடிக்கிற சுபீஷுக்கு உருக்காலையில் வேலையாம்.
என் மேடை ஏறிய பழைய இரும்புதான்
அவன் உலைக்குப் போகிறதென்று ஒரு நம்பிக்கை. ஆதாரமில்லை.
தகரக் கொட்டகைக்குள் பதிவு செய்தது போல எதிரொலி.
பக்கத்து ஊரென்றால் கை கொஞ்சம் இறுகும்தானே, எனக்கும்.

டிசம்பரில் ஒரு நாள் அக்கரையில் ஹர்த்தால்.
யார் அழைத்தது என்று இக்கரையில் யாருக்கும் தெரியாது.
முந்தின இரவே லாரிகள் என்ஜினை அணைத்துவிட்டன.
காற்று மட்டும் யாரையும் கேட்காமல்
கணவாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

நாமக்கல் முட்டை ஏற்றி வந்த செங்கோடன்
சன்னலில் வந்து நின்றான்.
"என்னங்க்கா கேக்கறீங்க?"
சும்மா தொங்கிய இடதுபக்கத்தைக் கொடுத்தேன்.
ஷில்லாங் ஓடிக்கொண்டிருந்தது.
"யாரோ ஒரு புள்ள எண்ணிட்டிருக்குதுங்க்கா,
ஒன்னு ரெண்டுன்னு, இங்கிலீஷ்ல."
புள்ளையா? அந்தப் பாட்டில் அப்படி யாரும் இல்லையே.
வாங்கி மாட்டினேன்.

இருந்தாள்.
பாட்டு முழுக்க, மெதுவாக, பல்லைக் கடித்தபடி
எண்ணிக்கொண்டே இருந்தாள்.
வருடம் முழுக்க என் இடது தோளுக்குப் பக்கத்தில்
எண்ணியிருக்கிறாள்,
நான் டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றிரவு ஒரு வண்டியும் வரவில்லை.
இரண்டு காதும் எனக்கே.
'சால்ட் டிப்போ'வின் இடதுபக்கத்தில்
கல்யாண மண்டப வரவேற்புக்கு வாசிக்கிற ஒரு கீபோர்டு.
கேட்டிருக்கவே கூடாது.
கிழவர்களுக்கோ அந்தப் பக்கம்
இன்னொரு கிட்டார், இளையவன் போல ஒருத்தன்,
தப்பு விட்டு விட்டு வாசிக்கிறான், என்ன அழகு.

விடிகாலை நாலரைக்குக் கஞ்சிக்கோடு.
வலதைக் கழற்றி இடதை மட்டும் வைத்தேன். மாற்றி வைத்தேன்.
ஒன்றுதான். இரண்டு பக்கமும் ஒன்றேதான்.
அவர்களிடம் இருந்தது ஒரே மைக் போலிருக்கிறது.
இந்த வருடம் முழுதாக நான் கேட்ட
ஒரே ஆல்பம், முப்பத்தொன்றாவது.

வரிசையை மாற்றவில்லை.
சீட்டின் அடியில் மட்டும் எழுதினேன்:
'எடை, வலது பக்கம் மட்டும்.'
தேதி போட்டு, எங்கள் மேடையின் சீலையும் குத்தினேன்.

மறுநாள் மாலை ஆறு தாண்டி ஹர்த்தால் முடிந்தது.
நான் வரும்போது மேடைக்கு வரிசை சாலை வரை.
செங்கோடன் போய்விட்டிருந்தான்,
சன்னல் விளிம்பில் மூன்று முட்டை, ஒன்று விரிசல்.
முதல் வண்டி ஹாரன் அடித்தது.
இடதைக் கழற்றினேன்,
எட்டு வரை எண்ணியிருந்தாள்.