மூன்றாம் சரணம்

கணக்கு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.
வியாழன், சனி: தேக்கடி ரிசார்ட், எண்ணூறு, சாப்பாடு உண்டு.
ஞாயிறு: வண்டிப்பெரியாற்றில் ஒரு ஞானஸ்நானம்,
பேசியது இரண்டாயிரம்,
வந்தது ஆயிரத்து முந்நூறும் ஒரு பலாப்பழமும்.
அறுபத்தெட்டு வயதில் கிட்டார் இன்னாசி
முன்னைவிட அதிகம் வாசிக்கிறார்,
முன்னைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிறார்.

போன மழைக்கு
இடதுகை மோதிர விரல் மடங்க மாட்டேன் என்றது.
கம்பம் ஆஸ்பத்திரியில் மெழுகு ஒத்தடம் கொடுத்தார்கள்.
இவர் வீட்டுக்கு வந்து கம்பிகளைத் தளர்த்தி
மூன்று விரலுக்குத் தக்கபடி சுருதியை மாற்றிக்கொண்டார்.
பழைய பாட்டெல்லாம் ஒரு படி கீழே இறங்கி
சளி பிடித்த மாதிரிக் கேட்டது எனக்கு.
ரிசார்ட்டுக்கு அது பிடித்துப்போனது.
கொச்சியிலிருந்து வந்த டாக்டர் ஒருவர்
குரலில் ஏலக்காய் மணக்கிறது என்றாராம்.

கேட்பது ஒரே பாட்டைத்தான்:
'பதினெட்டாம் வளைவு'.
முப்பத்தோரு வருசத்துக்கு முன் கேசட்டில் வந்தது.
இருட்டோடு ஜீப்பில் மலையேறி
ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களைப் பற்றி
அந்த ஜீப்பில் ஒரு நாளும் ஏறாத மனுசன் எழுதியது.
நான் ஏறியிருக்கிறேன். ஒன்பது வருசம்.
அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சித்திரையில் ஒரு ராத்திரி
குமுளி செக்போஸ்ட் பக்கத்துப் புரோட்டா கடையில்
ஜீப் டிரைவர் ஒருவன் கை கழுவிக்கொண்டே பாடினான்.
இவர் பாட்டுதான்.
மூன்றாம் சரணம் மட்டும் இவருடையது இல்லை.

வளைவுக்கு வளைவு சாயுது தோளு
எவ தோளுன்னு கேக்கல நானு
எறங்கும்போதுதான் மொகத்தப் பாத்தேன்
எனக்கு முன்னால அவ தூங்கியிருந்தா

பிய்த்த புரோட்டா இவர் கையிலேயே ஆறியது.
"இதுல நிலாவும் பனியும்ல வரணும்?"
"ஜீப்புக்குள்ள எவ நிலாவப் பாக்குறா?"
என்றான் அவன், ஆள் தெரியாமல்.

மறுநாள் ஐந்தரை மணிக்குச் செக்போஸ்டில் போய் நின்றார்,
டீக்கு நிற்கிற ஜீப்புகளுக்குப் பக்கத்தில்.
யார் கட்டியது என்று கேட்டார்.
பேச்சியம்மா முருகாயியைக் காட்டினாள்.
முருகாயி, செத்துப்போன இருளாயி என்றாள்.
ஒரு சின்னப் பெண்,
"கேசட்லயே அப்பிடித்தான இருந்துச்சு?" என்றாள்.
இன்னொருத்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்,
அவளைக் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையே நிலாவை எடுத்துவிட்டார்.
"இந்தச் சரணம் நான் எழுதினது இல்ல,"
மைக்கில் சொன்னார்.
அடக்கம் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.
திரும்பிவரும் பஸ்ஸில்,
மடியில் கிட்டார் பெட்டியும் முகத்தில் கோபமுமாக,
ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் சொன்னார்:
"எழுது. மூணாஞ் சரணம், குடுக்க வேண்டியது. பேர் தெரியல."
எழுதினேன்.

இரண்டாம் வரி என்னுடையது.
இரைச்சல் பாலம் தாண்டி
எதிரே லாரி வந்து ஜீப் நின்ற நேரத்தில்
ஒருத்தி கேலி பண்ணினாள், அதற்குச் சொன்ன பதில்.
பாட்டுக்கென்று சொன்னதில்லை.
மற்ற மூன்று வரி யாருடையதோ.

நோட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்:
நான்கில் ஒன்று பைசல்.
வியாழக்கிழமை எண்ணூறில்
இருநூறு எடுத்துக்கொண்டேன்.
கணக்குப் பார்க்கிற ஆள் இல்லை அவர்.

இப்போது அந்த வரி வரும்போது மட்டும்
மூன்று விரலும் கம்பியை விட்டுவிடுகின்றன.
வெறும் குரலில் பாடுகிறார்.
ஏன் என்று கேட்டேன்.
"அந்த எடத்துல எந்தக் கார்டும் உக்கார மாட்டேங்குது."

பத்துப் பேர் ஜீப்பில்
நாங்கள் பத்தொன்பது பேர்.