ஒன்பதாம் வசனத்துக்கு ஓர் அடிக்குறிப்பு

ஏழாயிரம் சொற்களுக்குள் முடிக்கச் சொல்கிறது ஆய்விதழ்.
என்னிடம் இருப்பது எட்டாயிரத்து நானூற்றுப் பதினொன்று.
நார்த்டேலில் பத்து மணிக்கு மின்சாரம் போகும்.
அதன்பின் மடிக்கணினிக்கு ஒன்றரை மணி நேர உயிர்.

வாதம் இதுதான்:
கர்ப்பிணியான அடிமைப்பெண் ஓடிப்போகிறாள்.
பாலை வழியில் ஒரு நீரூற்றருகே
தூதன் அவளைக் கண்டு சொல்கிறான், திரும்பிப் போ,
எஜமானியின் கைக்குக் கீழே இரு.
ஆறாம் வசனத்தில் எஜமானி அவளுக்குச் செய்ததும்
ஒன்பதாம் வசனத்தில் அவள் செய்யவேண்டியதும்
எபிரெயத்தில் ஒரே வேர். மூன்று மெய்யெழுத்து.
மொழிபெயர்த்தவர்கள் அதை இரண்டாகப் பிளந்தார்கள்.
முன்னது கொடுமை, பின்னது பணிவு.
அந்தப் பிளவில் விழுந்து கிடக்கின்றன
எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள்.

ஆங்கிலத்தில் இதைச் சொல்ல எனக்கு இரண்டு பக்கம்.
தமிழில் ஓர் எழுத்து.
ஒடுக்கினாள்.
ஒடுங்கு.
வல்லினம் அவளுக்கு, மெல்லினம் இவளுக்கு.
ஆனால் இதழ் ஆங்கில இதழ்.

இரண்டாம் மதிப்பீட்டாளர் எழுதுகிறார்:
நான்காம் பகுதி வெறும் கதை போல இருக்கிறது.
ஒரே ஒரு கோப்பு, சான்றாகப் போதாது. நீக்கலாம்.

நான்காம் பகுதி செங்கேணியுடையது.
மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில்
பென்சிலுக்கு மட்டும் அனுமதி உள்ள மேசையில்
மூன்று வாரம் உட்கார்ந்து எடுத்தது.
உம்சிண்டோ பக்கம் ஒரு கரும்புத் தோட்டம்.
ஐந்து மாதம். கையில் சீட்டு இல்லை.
கடலோரமாகவே டர்பன்வரை நடந்தாள்,
பாதுகாவலர் என்று பலகை மாட்டிய அலுவலகத்துக்கு.
பாதுகாவலர் கேட்டார். எழுதிக்கொண்டார்.
முதுகைப் பார்த்ததாகவும் ஒரு வரி உண்டு.
அப்புறம் வேறு மசியில்:
எஜமானரிடம் திருப்பி அனுப்பப்பட்டாள்,
வராத நாட்களுக்குக் கூலி பிடித்தம்.

குமாஸ்தா வாயில் பெயர் நுழையவில்லை.
மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதிப்பார்த்து
கடைசியில் எண்ணோடு நிறுத்திக்கொண்டார்.
செங்கேணி என்று வாசிப்பவள் நான்தான்.
ஊகம் என்று ஓரத்தில் குறித்தவளும் நான்.
ஊற்றருகே காணப்பட்டவளுக்கும்
பெயரில் கேணி சுமந்தவளுக்கும் தொடர்பில்லை, தற்செயல்.
தற்செயலுக்கு மேற்கோள் முறை கிடையாது.

நூலகத்தில் நகல் எடுத்துத் தந்த தோபேக்கா
எதைப் பற்றி என்று கேட்டாள்.
வினைச்சொல்லின் பொருளைச் சொன்னேன்.
"அது என் பெயராயிற்றே" என்றாள்.
"பணிந்திரு. அப்பா வைத்தது.
யாருக்கு என்று அவர் சொல்லவில்லை."
சிரித்தபடி ஸ்டேப்ளரை ஓங்கி அடித்தாள்.

வெட்டத் தொடங்கினேன்.
முதலில் உரிச்சொற்கள் போயின.
ஜெர்மானியப் பேராசிரியர்கள் மூவரை
ஒரே வாக்கியத்தில் உட்காரவைத்தேன்.

விதிமுறையின் கடைசிப் பத்தி:
பெயர் நீக்கிய பிரதியை அனுப்புக,
கோப்பில் எங்கும் ஆசிரியரின் தடயம் இருக்கலாகாது.
ஒரு சொடுக்கில் நான் போனேன்.

அந்த வீட்டில் யாரும் அவளைப் பெயர் சொல்வதில்லை.
என் அடிமைப்பெண், உன் அடிமைப்பெண், அவ்வளவுதான்.
பெயர் சொல்லி அழைத்தவன் தூதன் ஒருவன்.
அழைத்துவிட்டுத்தான் திரும்பிப் போ என்கிறான்.
இதை என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.
மேலும் ஆய்வுக்குரியது என்று முடிவுரையில் எழுதியிருக்கிறேன்.
பொய்யில்லை.

பத்துக்கு இருட்டியது. தெருவில் ஒரு நாய், அப்புறம்
யார் வீட்டு ஜெனரேட்டரோ.
செங்கேணி இப்போது முப்பத்தேழாம் அடிக்குறிப்பு,
எட்டுப் புள்ளி எழுத்தில்.
அடிக்குறிப்பும் கணக்கில் சேருமா என்று தேடினேன்.
சேருமாம்.

ஏழாயிரத்து இருபத்து மூன்று.
நாளை வெள்ளிக்கிழமை.
முதல் பகுதியில் இன்னொரு பேராசிரியர் மிச்சமிருக்கிறார்,
பணிவின் மேன்மை பற்றி, அரைப்பக்கம், கால் நீட்டி.
ஐயா,
கொஞ்சம் ஒடுங்குங்கள்.